நேர்ச்சைக்காக மாத்திரையை நிறுத்தலாமா?

கன்னியாகுமரி மாவட்டம் குளச்சல் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து 57 வயதுத் தாய் ஒருவர் மருத்துவரான எனக்கு நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது அவருடைய மகன் விசைப்படகில் ஆழ்கடலில் இருந்தார். பல நாள்கள் தகவல் இல்லை. "அவன் உயிரோடு வந்தால் என் ஆயுள் முழுக்கத் தவக்காலம் நாற்பது நாளும் ஒருநேரச் சாப்பாடுதான்" என்று தாய் நேர்ந்துகொண்டார். படகு லட்சத்தீவில் ஒதுங்கியது. மகன் திரும்பி வந்தார். அதையடுத்து ஈஸ்டருக்கு முன் வந்த தவக்காலத்திலிருந்து தாய் சொன்ன சொல்லை மீறவில்லை. பகலெல்லாம் கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்). இரவில் சோறு, அல்லது மரச்சீனி (மரவள்ளி) கிழங்கு. மீன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான்.

இடையில் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் வந்துவிட்டன. காலையில் கிளிமிப்பிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, இரவில் தனி மெட்ஃபார்மின், அழுத்தத்துக்கு ஒன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, இயேசுவின் பாடுகளைப் பதினான்கு ஸ்தலங்களில் நினைவுகூரும் சிலுவைப் பாதையில் எட்டாம் ஸ்தலம் வரும்போது வியர்த்துக் கொட்டி மயங்கி விழுந்தார். யாரோ கலர் (இனிப்புச் சோடா) வாங்கிக் கொடுக்க, சற்று நேரத்தில் தெளிந்தது. வெயில் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, அடுத்த தவக்காலம் முழுவதும் காலை மாத்திரையைத் தானாகவே விட்டுவிட்டார். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் மாத்திரைகளை வாங்கி பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவைத்தார். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்னும் புராட்டஸ்டண்ட் சபை) குடும்பத்திலிருந்து வந்த மருமகள் அந்த டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டார். "மாத்திரை போடாமல் கிடந்தால் கர்த்தர் சந்தோஷப்படுவாரா மாமி?" என்று அவர் கேட்டது தாய்க்குச் சுருக்கென்று தைத்திருக்கிறது. "நோன்பை அந்தரங்கமாகச் செய் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே, இவளுக்கும் டாக்டருக்கும் நான் ஏன் கணக்குச் சொல்ல வேண்டும்?" என்று எழுதியிருக்கிறார். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு இன்னும் மூன்று வாரம். மாத்திரை போட்டால், திருப்பலியில் நற்கருணை அப்பம் வாங்குமுன் இருக்கும் நோன்பு முறியுமா, நேர்ச்சையை மாற்றினால் மகனுக்கு ஏதாவது ஆகுமா, பெரிய வெள்ளியன்று வெறுங்காலோடு காற்றாடிமலைத் திருத்தலத்துக்குப் போகலாமா, மருமகள் போனில் கேட்கும் தியானம் கோயிலில் முழந்தாளிடுவதற்கு ஈடாகுமா என்பவை அவருடைய கேள்விகள்.

அம்மா, முதலில் அந்த மயக்கத்தைப் பேசிவிடுவோம். அது வெயில் என்று நான் நினைக்கவில்லை. வியர்த்துக் கொட்டி விழுந்தவர் ஒரு பாட்டில் கலரில் தெளிந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது சர்க்கரை குறைந்ததைத்தான். உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் தாழ்சர்க்கரை. கிளிமிப்பிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மருந்து. நீங்கள் சாப்பிட்டீர்களா, பட்டினியா என்று அது பார்ப்பதில்லை. காலையில் அதைப் போட்டுவிட்டு, மாலைவரை வெறும் கட்டன் சாயாவோடு ஊர் சுற்றிச் சிலுவைப் பாதை நடந்தால் இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போவதில் வியப்பே இல்லை. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கண் மங்கல், காரணமில்லாத எரிச்சல் எல்லாம் அதன் அடையாளங்கள். 54-க்குக் கீழே இறங்கினால் நினைவு தப்பவும் கூடும். கூட்டத்தில் விழுந்ததால் கலர் கிடைத்தது. அடுப்படியில் தனியாக இருக்கும்போது விழுந்திருந்தால் யார் கொடுத்திருப்பார்கள்?

மாத்திரையால்தான் மயக்கம் என்று நீங்கள் ஊகித்தது பாதி சரி. அதற்காக மாத்திரையை அடியோடு விட்டதுதான் தவறு. பகல் முழுவதும் மருந்தில்லாமல் இருந்துவிட்டு இரவில் வயிறு நிறைய மரச்சீனி சாப்பிடும்போது சர்க்கரை எங்கே போய் நிற்கும் என்று நீங்கள் பார்த்ததில்லை, ஏனென்றால் வீட்டில் கருவி இல்லை. ஆனால் உங்கள் கடிதத்திலேயே ஒரு தடயம் இருக்கிறது. சென்ற மே மாதம் எடுத்த எச்பிஏ1சி 9.1 என்றும், அதைப் பார்த்துக் கிளிமிப்பிரைடை 1 மில்லிகிராமிலிருந்து 2 ஆக்கினார்கள் என்றும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்திய வரி அதுதான்.

எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும் பரிசோதனை. 9.1 என்றால் சராசரிச் சர்க்கரை ஏறத்தாழ 215. மே மாதத்தில் எடுத்தால் அது உங்கள் தவக்காலத்தைத்தான் காட்டும். நீங்கள் மாத்திரை போடாத நாள்கள் அவை என்பது அந்த மருத்துவருக்குத் தெரியாது. மாத்திரை போட்டும் சர்க்கரை அடங்கவில்லை என்று நினைத்து அவர் அளவைக் கூட்டியிருக்கிறார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். மறைத்ததன் விலை இது: 1 மில்லிகிராமுக்கே மயங்கி விழுந்த நீங்கள் இப்போது 2 மில்லிகிராம் கையில் வைத்திருக்கிறீர்கள். வரப்போகும் தவக்காலத்தில் மருமகளுக்குப் பயந்தோ மனம் மாறியோ அதைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால், முன்பைவிட மோசமாக விழுவீர்கள்.

அந்தரங்கம் என்பதற்கு நீங்கள் மத்தேயு 6-ஆம் அதிகாரத்தைக் காட்டுகிறீர்கள். அந்தப் பகுதியை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். நோன்பிருப்பது ஊருக்குத் தெரியவேண்டும் என்று முகத்தை வாட்டமாக வைத்துக்கொள்கிறவர்களைத்தான் இயேசு அங்கே கண்டிக்கிறார். முகத்தைக் கழுவி, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். பெருமைக்காகக் காட்டாதே என்பதுதான் பேச்சு. மருந்து எழுதித் தருகிறவருக்கு விவரம் சொல்வது பெருமையடிப்பது ஆகாது. உங்கள் மருமகளின் சொல்லில் கொஞ்சம் முள் இருந்திருக்கலாம், விஷயம் சரி. ஆனால் "நோன்பையே விட்டுவிடுங்கள்" என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அதில் நான் அவர் பக்கம் இல்லை. விட வேண்டியதில்லை; மாற்ற வேண்டும்.

சட்டம் கேட்பது எவ்வளவு?

இந்த மாவட்டத்தில் மருத்துவம் பார்க்கிறவர்கள் திருச்சபைச் சட்டத்தில் சில எண்களையும் தெரிந்துவைத்திருக்க வேண்டியிருக்கிறது. கத்தோலிக்கர்களுக்கு உண்ணா நோன்பு கட்டாயமான நாள்கள் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும்தான். அதுவும் 18 வயது முதல் 59 வயது நிறையும் வரை. நோயாளிகளுக்கு அந்தக் கடமையும் இல்லை. 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட ஆவணப்படி நோன்பு நாளில் முழுச் சாப்பாடு ஒன்று. காலையிலும் மாலையிலும் கொஞ்சம் உணவு எடுத்துக்கொள்ளத் தடையில்லை. ஆகவே மிகக் கடுமையான அந்த இரண்டு நாள்களில்கூட ஒரு சர்க்கரை நோயாளி மூன்று வேளையும் ஏதாவது சாப்பிட்டுக்கொண்டு நோன்பைக் காக்கலாம். நீங்கள் நாற்பது நாளும் பகலெல்லாம் பட்டினி கிடப்பது நீங்களாக ஏற்றுக்கொண்டது. திருச்சபை உங்கள் தலையில் வைத்த சுமை அல்ல.

இன்னொன்று, ஞாயிறு. சாம்பல் புதன் முதல் புனித சனி வரை எண்ணினால் 46 நாள்கள் வரும். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40. ஞாயிறு உயிர்ப்பின் நாள், அன்று நோன்பில்லை. நீங்கள் நேர்ந்ததே "நாற்பது நாள்" என்றால், ஆறு நாள்களைக் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்!

மார்த்தாண்டம் பக்கத்துத் தோழி ஐம்பது நாள் நோன்பிருந்தும் தெம்பாக இருக்கிறாரே என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் மலங்கரை முறையை, அதாவது கத்தோலிக்கத் திருச்சபைக்குள் இருக்கும் சிரியன் வழிபாட்டு மரபைச் சேர்ந்தவர். அவர்களுடைய ஐம்பது நோன்பின் மையம் மீன், இறைச்சி, பால், முட்டை போன்றவற்றைத் தவிர்ப்பதுதான். அவர் வயிற்றைக் காயப்போடவில்லை, உணவை மாற்றிக்கொள்கிறார். அவருக்குச் சர்க்கரையும் இல்லை. ஒரே தெருவில் சி.எஸ்.ஐ.காரர்களின் லெந்து காலம், நம்முடைய தவக்காலம், மலங்கரையாரின் ஐம்பது நோன்பு என்று மூன்று விதமாக அனுசரிக்கிற மாவட்டம் இது. பக்கத்து வீட்டைப் பார்த்து நம் வீட்டு அடுப்பை அணைத்துவிடக் கூடாது.

மீனை விட்டதைப் பற்றி ஒரு வார்த்தை. சட்டம் தவிர்க்கச் சொல்வது இறைச்சியை, மீனை அல்ல. மலைப்பக்கத்தில் இருப்பவர் மீனை விடுவது ஒன்று, காலையில் கரைக்கு வந்த சாளையும் நெத்திலியும் வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே நீங்கள் விடுவது வேறு. அது உண்மையான ஒறுத்தல். அதை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் வீட்டில் புரதம் என்று இருந்தது அது ஒன்றுதான். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மரச்சீனியை வைத்தால் மாவுச்சத்து மட்டுமே மிஞ்சும். சிறுபயறு, கடலை, மோர், முட்டை என்று ஏதாவது சேர வேண்டும். முட்டையும் பாலும் மேலே சொன்ன 1966 ஆவணத்தின்படி இறைச்சிக் கணக்கில் வராது. பெரிய வெள்ளிக் கஞ்சியையும் குடிக்கலாம்; கஞ்சி அரைப்பங்கு, பயறு இரண்டு பங்கு என்று வாங்கிக்கொள்ளுங்கள். பரிமாறுகிறவர்கள் வழக்கமாகத் தலைகீழாகத்தான் ஊற்றுவார்கள்.

மாத்திரையும் நற்கருணையும்

காலைத் திருப்பலிக்குப் போகும் நாள்களில், தவக்காலம் இல்லாதபோதும் மாத்திரையைத் தள்ளிப்போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். தேவையே இல்லை. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாமல் இருக்க வேண்டும் என்பதுதான் இன்றைய சட்டம். தண்ணீருக்கும் மருந்துக்கும் அதிலேயே விலக்கு உண்டு. முதியவர்களும் நோயாளிகளும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டிருந்தாலும் நற்கருணை வாங்கலாம் என்று 919-ஆம் சட்ட எண் சொல்கிறது. விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது நோன்பைத் தொடுவதே இல்லை.

நேர்ச்சை

இதுதான் உங்கள் மனத்தில் கனக்கிறது என்று தெரிகிறது. சட்டப்படி நேர்ச்சை என்பது இயலக்கூடிய, மேலான ஒரு நன்மையைக் குறித்துக் கடவுளுக்குத் தரும் வாக்கு. 2017-இல் நீங்கள் நேர்ந்தபோது உங்களுக்குச் சர்க்கரை இல்லை. ஒருநேரச் சாப்பாடு இயலக்கூடியதாக இருந்தது. இன்று உடல் மாறிவிட்டது. இப்படிப்பட்ட நிலைக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து தகுந்த காரணத்தோடு விடுவிக்கப் பங்குத்தந்தைக்கு அதிகாரம் உண்டு (சட்ட எண் 1196). அதைவிட முக்கியமாக, நேர்ந்தவரே தன் நேர்ச்சையை அதற்கு ஈடான அல்லது அதைவிட மேலான ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம் (சட்ட எண் 1197). நீங்களாக மாற்றிக்கொண்டால் உங்கள் மனம் அமைதியாகாது என்று கடிதத்தைப் படித்தாலே புரிகிறது. அதனால் பங்குத்தந்தையிடம் போய், மயங்கி விழுந்ததையும் மருந்தின் அளவையும் மறைக்காமல் சொல்லி, அவர் வாயால் கேட்டுவிடுங்கள்.

எதாக மாற்றலாம்? அது உங்களுக்கும் அவருக்கும் இடையில். எசாயா 58-ஆம் அதிகாரம் ஆண்டவர் விரும்பும் நோன்பு எது என்று சொல்லும்போது, ஒடுக்கப்பட்டோரை விடுவிப்பதை அடுத்து, பசித்தவரோடு உணவைப் பகிர்வதைத்தான் சொல்கிறது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனையில் துணைக்கு ஆளில்லாமல் கிடக்கும் ஒருவருக்கு வெள்ளிதோறும் ஒரு சாப்பாடு என்று வைத்துக்கொண்டால், உங்கள் ஒருநேரப் பட்டினியைவிட அது சின்னது என்று எந்தச் சாமியாரும் சொல்ல மாட்டார்.

மகனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்துக்கு மருத்துவரின் பதில் போதாதுதான். ஆனாலும் ஒன்றைக் கேட்கிறேன். "எங்கள் தெருவில் திரும்பி வராதவர்களும் இருக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டுத் தாய்மார்களும் அன்று கோயிலில் உங்கள் பக்கத்தில்தான் முழந்தாளிட்டு நேர்ந்திருப்பார்கள். உங்கள் நேர்ச்சைதான் மகனை மீட்ட விலை என்றால், அவர்கள் கொடுத்தது குறைந்துபோயிற்று என்று ஆகிவிடும். அப்படி ஒரு கடவுளை நீங்கள் நம்புவதாக எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் செய்துவருவது நன்றி. நன்றியை வேறு விதமாகவும் சொல்லலாம். அதற்குத் தண்டனை வராது.

வெறுங்கால் பயணம்

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காற்றாடிமலையில் 1752 ஜனவரி 14 அன்று சுடப்பட்டு இறந்த தேவசகாயம் 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட பிறகு, அங்கே நடந்து போக வேண்டும் என்ற ஆசை நம் பக்கத்தில் பலருக்கும் கூடியிருக்கிறது. போங்கள், பஸ்ஸில் போய், செருப்போடு ஏறுங்கள். இரவில் உள்ளங்கால் எரிவதாகவும், செருப்பு கழன்றதே சில நேரம் தெரிவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரை நரம்பைத் தொட்டுவிட்டதன் அறிகுறிகள் இவை. பெரிய வெள்ளி மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வரும். அந்த வெயிலில் தார் ரோடு கொதிக்கும். உங்களுக்குச் சூடு உறைக்காது, கொப்புளம் மட்டும் வரும். ஈஸ்டர் முடிந்த வாரத்தில் உள்ளங்கால் புண்ணோடு எங்களிடம் வருகிறவர்கள் உண்டு. விரலை எடுக்க நேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. உங்கள் காலுக்குச் செருப்பு மருந்து. கோயிலுக்குள் கழற்றுவதானால் காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

முழந்தாளிடுவதும் அப்படித்தான். மூட்டு வலியோடு பதினான்கு ஸ்தலத்திலும் தரையில் விழுந்து எழ வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கலந்துகொள்ளுங்கள். நோயினால் போகவே முடியாத நாளில், ஆண்டவரின் பாடுகளைக் கால் மணி நேரமாவது வாசித்துத் தியானிப்பவர்களுக்குச் சிலுவைப் பாதைக்குரிய அதே பேறுபலனை (ஆன்மிகப் பயனை)த் திருச்சபை தருகிறது. ஆகவே மருமகள் போனில் கேட்கும் தியானத்தை மட்டமாக நினைக்க வேண்டாம். சி.எஸ்.ஐ. பக்கத்தில் லெந்து நாள்களுக்கென்று தினம் ஒரு தியானம், பெரிய வெள்ளியன்று ஏழு வார்த்தைகள் மீது மூன்று மணி ஆராதனை என்று அழகான ஒழுங்கு உண்டு. மாலையில் சாப்பிட்ட பிறகு அவரை மாற்கு 14, 15 அதிகாரங்களைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவருடைய பைபிளின் தமிழ் உங்களுடையதிலிருந்து கொஞ்சம் வேறாக ஒலிக்கும். பரவாயில்லை. டப்பாவைத் திறந்த நாளிலிருந்து இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கும் இது உதவும்.

சாம்பல் புதனுக்கு முன் செய்ய வேண்டியவை

மருத்துவரிடம் போகும்போது அந்தப் பிஸ்கட் டப்பாவையும் கொண்டுபோங்கள். எத்தனை மாத்திரை விழுங்காமல் மிச்சம் என்று பார்த்தாலே அவருக்கு மே மாதக் கணக்கு புரிந்துவிடும். சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பரிசோதனையும் புதிய எச்பிஏ1சியும் எடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் கிளிமிப்பிரைடைக் குறைப்பார், அல்லது முழுச் சாப்பாட்டு வேளைக்கு மாற்றுவார், அல்லது தாழ்சர்க்கரை அதிகம் வராத வேறு மாத்திரை தருவார். அழுத்த மாத்திரையில் நீர் பிரிக்கும் மருந்து கலந்திருந்தால் அதையும் பார்ப்பார். இதில் எதையும் நீங்களாகச் செய்யாதீர்கள்.

சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்று வாங்கிவையுங்கள். 70-க்குக் கீழே இறங்கினாலும் 300-க்கு மேல் ஏறினாலும் அன்றைய நோன்பு அங்கேயே முடிந்தது. எந்த நாளாக இருந்தாலும், எந்த ஸ்தலத்தில் நின்றாலும் சரி. குறைந்திருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை குடியுங்கள். ஏறிய பிறகு ஏதாவது சாப்பிடுங்கள். ஏறிப்போயிருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். செபமாலை வைத்திருக்கும் பையில் ஒரு சர்க்கரைப் பொட்டலமும் இருக்கட்டும். கட்டன் சாயாவோடு நிற்காமல் தண்ணீரும் குடியுங்கள். மேலே சொன்ன திருச்சபைச் சட்டத்து நோன்புகளில் தண்ணீருக்குத் தடையில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பங்குத்தந்தையைப் பார்க்க மனம் வரவில்லை, இந்த ஆண்டும் ஒருநேரச் சாப்பாடுதான் என்று நின்றீர்களானால், அதையாவது மருத்துவரிடம் சொல்லிவிட்டு நில்லுங்கள். திட்டுவார், திட்டிவிட்டு, இருப்பதற்குள் ஆபத்துக் குறைந்த மருந்தாக மாற்றித் தருவார். அளவு மாறினால் அந்தச் சீட்டை வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் ஊழியரிடமும் காட்டுங்கள், இல்லையென்றால் பழைய அளவே வந்துகொண்டிருக்கும். ஈஸ்டருக்கு அடுத்த வாரம் மறுபடி ஒரு தடவை போக வேண்டும். மூன்று வேளைச் சாப்பாட்டுக்குத் திரும்பியதும் தவக்கால அளவு உங்களுக்குப் போதாமல் போகும்.